கொலை இடம்பெறாத பட்டியல்: மிசிசிப்பி, 1890

அமெரிக்கத் தெற்கில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தது சட்டமன்று, வன்முறையும் கள்ளக் கணக்குமே என்றார் அரசியலறிஞர் வி. ஓ. கீ. 1949-இல் வந்த அவரது நூலின்படி, 1890-க்குப் பிந்தைய சட்டங்கள் முடிந்துபோன காரியத்தைப் பதிவு மட்டுமே செய்தன. வரலாற்றாசிரியர் ஜே. மார்கன் கூஸர் 1974-இல் வாக்குப்பதிவுக் கணக்குகளைக் கொண்டு இதை மறுத்தார். ஆயினும் மிசிசிப்பியைப் பொறுத்தவரை கீயின் பக்கம் பலமானதாகவே தோன்றும். 1875-இல் துப்பாக்கி முனையில் தேர்தலைக் கைப்பற்றிய மாநிலம் அது. அதன்பின் நேர்மையாக வாக்கெண்ணியதே இல்லை என்று 1890 அரசியலமைப்புப் பேரவையிலேயே நீதிபதி கிறிஸ்மன் எழுந்து சொன்னார். கீக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அதே சாட்சி எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. காரியம் முடிந்திருந்தால் 134 பேர் ஆகஸ்டில் ஜாக்சனில் கூடி நவம்பர் 1 வரை எதை விவாதித்தார்கள்? தேர்தல்களை மத்திய அரசின் மேற்பார்வைக்குக் கொண்டுவரும் லாட்ஜ் மசோதாவை ஜூலையில்தான் பிரதிநிதிகள் அவை நிறைவேற்றியிருந்தது. மேற்பார்வையாளர் வந்துவிட்டால் கள்ளக் கணக்கு நிற்காது. மேலும், டெல்டா மாவட்டங்களில் இரு தரப்பும் பதவிகளைப் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாட்டில் கறுப்பினத்தவர் சிலர் அதுவரை பதவியில் இருந்தனர். கீயோ ‘நடந்தேறியது’ என்பதோடு நிறுத்தாமல் ‘நடந்தே தீரவிருந்தது’ என்பதையும் சேர்த்துக்கொள்கிறார். அந்த வால் இருக்கும்வரை எந்தச் சான்றும் அவரை அசைக்காது.

என் வாதம் அந்தப் பேரவை இயற்றிய அரசியலமைப்பின் 241ஆம் பிரிவைச் சார்ந்தது. வாக்குரிமையை இழக்கச் செய்யும் குற்றங்களாக அது வகுத்தவை: லஞ்சம், கன்னமிடுதல், திருட்டு, தீவைப்பு, பொய்சொல்லிப் பணமோ பொருளோ பெறுதல், பொய்ச்சாட்சி, போலி ஆவணம், கையாடல், இருதார மணம். கொலை இல்லை, வன்புணர்வும் இல்லை. மிசிசிப்பியை மீண்டும் ஒன்றியத்தில் சேர்த்த 1870-ஆம் ஆண்டுச் சட்டம், பழைய பொதுச்சட்டப் பெருங்குற்றங்களுக்காக மட்டுமே வாக்குரிமையைப் பறிக்கலாம் என்றது. கொலை அந்த வரம்புக்குள் ஐயமின்றி அடங்கும். அதை விட்டுவிட்டு, அடங்காத இருதார மணத்தைச் சேர்த்தவர்கள் கவனக்குறைவாக எழுதியிருக்க முடியாது.

கறுப்பினத்தவர் எளிதில் செய்வதாகக் கருதிய குற்றங்களையே பேரவை பொறுக்கியெடுத்தது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1896-இல் வெளிப்படையாகவே எழுதியது. ஆனால் அது ஆறாண்டு கழித்து, தலைவரி வழக்கொன்றில் வந்த விளக்கம். 1890-இன் நோக்கத்துக்கு அதை நேர்ச்சாட்சியாக வைக்கத் தயங்குகிறேன்.

பட்டியலின் வேர் ‘பன்றிச் சட்டம்’ என்பது என் ஊகம். ஒரு பன்றியைத் திருடியதையும் பெருந்திருட்டாக்கி ஐந்தாண்டு வரை சிறைக்கு வழிவகுத்த 1876-ஆம் ஆண்டுச் சட்டம் அது. விடுதலை பெற்றும் நிலமின்றிப் பசியில் கிடந்தவர்கள்மீது தோட்ட முதலாளிகளின் அவநம்பிக்கை சட்ட வடிவம் பெற்றது இங்கேதான். 1890-க்கு முன்பே அது நீக்கப்பட்டுவிட்டது என்பது என் வாதத்தில் உள்ள ஓட்டை. ஆனால் சட்டம் போனாலும் அது பழக்கிய கண் போவதில்லை. கோழி, பன்றித் திருட்டைக் கறுப்பினத்தவரின் குற்றமாகக் காணப் பழகிய தலைமுறைதான் பேரவையில் உட்கார்ந்திருந்தது. இந்தப் பார்வை எந்த ஆண்டில் வாக்குரிமைத் திட்டமாக உருமாறியது என்பதை இந்த ஊகத்தால் தீர்க்க முடியாது.

பேரவையின் ஒரே கறுப்பின உறுப்பினர் ஐசையா மான்ட்கோமரி, அடிமையாகப் பிறந்தவர், திட்டத்தை ஆதரித்தே வாக்களித்தார். தம் இனத்தவர் லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வாக்கை விட்டுக்கொடுத்தால் இரு இனங்களுக்கிடையே நம்பிக்கை பிறக்கும் என்பது அவர் கணக்கு. கீயின் ஆதரவாளர்கள் இதைச் சரணாகதி என்பார்கள். கையில் ஒன்றுமில்லாதவன் பேரம் பேச முடியுமா?

பட்டியலின் பிற்கால வடிவங்களும் கவனிக்கத்தக்கவை. 1950-இல் கன்னமிடுதல் நீக்கப்பட்டது. 1968-இல்தான் கொலையும் வன்புணர்வும் சேர்ந்தன. இந்தத் திருத்தங்களால் 1890-இன் கறை கழிந்துவிட்டது என்று ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் தீர்த்தது. ஆனால் 1968 வாக்குச்சீட்டு கேட்டது அந்த இரண்டைச் சேர்க்கலாமா என்பதை மட்டுமே. மீதியிருந்த எட்டுக் குற்றங்களை வைத்திருப்பதா நீக்குவதா என்று அன்றைய வாக்காளரை யாரும் கேட்கவில்லை.