ஊசி போட்டாச்சே, மாஸ்க் எதுக்கு? - அந்தமானின் பழைய கணக்கு

"ரெண்டு டோஸும் போட்டாச்சு. இன்னும் எதுக்கு சார் மாஸ்க்?"

2021-இல் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. சென்னையில் கேட்டார்கள், சிங்கப்பூரில் கேட்டார்கள், நான் வேலை பார்க்கும் இந்த அந்தமானிலும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஊசி வேலை செய்கிறதென்றால் மாஸ்க் எதற்கு? மாஸ்க் வேண்டுமென்றால் ஊசி எதற்கு?

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் லெட்ஜர் பார்ப்பவன். ஆனால் இந்தக் கேள்விக்கு இந்தத் தீவுகளின் சரித்திரமே ஒரு பதில் வைத்திருக்கிறது. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம், வாருங்கள்.

பழைய பாக்கி

1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1858 மார்ச் 10-ஆம் தேதி டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் என்ற அதிகாரி 200 கைதிகளோடு போர்ட் பிளேயரில் வந்து இறங்கினார். 'காலாபானி'யின் தொடக்கம் அது. அப்போது இங்கே கிரேட் அந்தமானிஸ் என்று நாம் இன்று மொத்தமாகச் சொல்லும் பத்துக் குழுக்களும் சேர்த்து ஏறக்குறைய 5,000 பேர் இருந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு.

முதலில் சண்டை, பிறகு சமாதானம். 1863-இல் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பழங்குடி மக்களைக் காட்டிலிருந்து வரவழைத்து, சோறும் துணியும் கொடுத்து, 'நாகரிகப்படுத்துவது' திட்டம். நல்ல எண்ணத்தில் செய்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் நோய்க்குக் கதவைத் திறந்து வைத்தது அந்த இல்லங்கள்தான்.

1877-இல் தட்டம்மை வந்தது. நம் ஊரில் மணல்வாரி என்போமே, அதுதான். வெளியிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். வேப்பிலை கட்டி, பத்தியம் இருந்து, தலைக்குத் தண்ணீர் விட்டால் முடிந்தது என்று பழகிய நோய். ஆனால் பல்லாயிரம் வருடம் ஒதுங்கி வாழ்ந்த இந்த மக்களின் உடம்புக்கு அது புத்தம் புது எதிரி. இல்லங்களில் கூடியிருந்தவர்களைத் தொற்றியது. அவர்கள் பயந்துபோய்க் காட்டுக்குள் ஓட, நோயும் கூடவே போனது. இங்கே அதிகாரியாக இருந்த போர்ட்மன், 1899-இல் வெளியான தன் நூலில், கிரேட் அந்தமானிஸ் மக்களில் பாதிப்பேர், ஏன் அதற்கு மேலும், அந்த ஒரே நோயில் போயிருக்கலாம் என்று கணித்தார்.

அதற்குப் பின் மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள்:

1901-இல் 625 பேர்.
1911-இல் 455.
1921-இல் 209.
1931-இல் 90.
1961-இல் 19.

தட்டம்மை மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. மேக நோய், நிமோனியா, சாராயம், புகையிலை, பறிபோன காடு எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கணக்கை முடித்தன. ஆனால் எனக்கு இதில் உறைக்கிற விஷயம் ஒன்றுதான். நோயைக் கொண்டு வந்தவர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை, வாங்கிக்கொண்டவர்களுக்கு வம்சமே போனது. "எனக்கு ஒன்றும் ஆகாது" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேள்வி அது இல்லையே!

பினாங்கு டாக்டரின் துணி

இந்தக் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பினாங்கில் 1879-இல் பிறந்தவர் டாக்டர் வூ லியன் தே. கேம்பிரிட்ஜில் படித்தவர். 1910 கடைசியில் வடக்கு சீனாவில், மஞ்சூரியாவில், ஒரு கொள்ளைநோய் கிளம்பியபோது சீன அரசு அவரை ஹார்பினுக்கு அனுப்பியது. பிளேக் என்றால் எலி, தெள்ளுப்பூச்சி என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள். இது நுரையீரல் பிளேக், மூச்சுக்காற்றில் பரவுகிறது என்று கண்டுபிடித்தவர் வூ. பஞ்சும் மெல்லிய துணியும் அடுக்கடுக்காக வைத்து ஒரு முகக்கவசம் செய்து, டாக்டர், நர்ஸ், பிணம் தூக்குபவர் என்று எல்லோரையும் கட்டச் சொன்னார்.

அவரைவிட மூத்தவரான மெனி என்ற பிரெஞ்சு டாக்டர் இதை ஏற்கவில்லை. மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களிலேயே அதே நோயில் இறந்தார். அதன்பிறகு ஹார்பினில் மாஸ்க்கைப் பற்றி யாரும் விவாதம் செய்யவில்லை. சுமார் 60,000 பேரைக் கொன்றபின் 1911 மார்ச் வாக்கில் அந்தக் கொள்ளைநோய் அடங்கியது. தனிமைப்படுத்தல், ரயில் கட்டுப்பாடு, பிணங்களை எரித்தது எல்லாம் சேர்ந்த வெற்றி அது. மாஸ்க் அதில் ஒரு பங்கு.

2020, 2021... இந்தத் தீவில்

2020 மார்ச் கடைசியில் கொரோனா அந்தமானுக்கு வந்தது. இங்கே பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ விமானம் ஏற வேண்டும். கப்பலென்றால் சென்னைக்கு மூன்று நாள். இந்தப் பயம் இங்கே குடும்பம் வைத்திருக்கும் ஒவ்வொரு தமிழருக்கும் தெரியும்.

ஆகஸ்டில் வந்தது அந்தச் செய்தி. அப்போது ஐம்பது சொச்சம் பேரே இருந்த கிரேட் அந்தமானிஸ் மக்களில் 10 பேருக்குத் தொற்று. ஸ்ட்ரெயிட் தீவிலேயே 4 பேர். நகரத்துக்கும் தீவுக்கும் போய்வந்து கொண்டிருந்தவர்கள் வழியாகத்தான் நோய் உள்ளே போயிருக்க வேண்டும். நல்ல வேளை, 1877 திரும்பவில்லை. மாத இறுதிச் செய்திகளின்படி 6 பேர் அதற்குள்ளேயே குணமாகியிருந்தார்கள். இத்தனை சின்னச் சமூகத்தில் நாலைந்து பெரியவர்கள் போனால் மொழி, பாட்டு, மருந்து எல்லாம் சேர்ந்து போகும். 2010-இல் போவா என்ற பாட்டி இறந்தபோது 'போ' மொழியே அவரோடு போனதை இந்தத் தீவு பார்த்திருக்கிறது.

2021 ஜனவரி 16-ஆம் தேதி நாடு முழுவதும் தடுப்பூசி தொடங்கியது. படகிலும் நடையிலுமாக ஊழியர்கள் தீவு தீவாகப் போனார்கள். 2021 டிசம்பர் 19-ஆம் தேதி, கோவிஷீல்டு மட்டுமே போட்டு, தகுதியுள்ள அனைவருக்கும் இரண்டு டோஸும் முடிந்தது என்று நிர்வாகம் அறிவித்தது. நூற்றுக்கு நூறு. பெருமையான விஷயம்தான்.

ஆனால் தேதியைக் கவனியுங்கள். அதே டிசம்பர் 2-ஆம் தேதிதான் ஓமிக்ரான் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஜனவரியில் நாடு முழுவதும் ஒரே நாளில் 3 லட்சத்துக்கு மேல் தொற்று. இரண்டு ஊசி போட்டவர்களுக்கும் வந்தது. பெரும்பாலும் ஜலதோஷம் மாதிரி வந்து போனது. ஊசி தன் வேலையைச் செய்தது, ஆளைக் காப்பாற்றியது. ஆனால் பரவுவதை முழுசாகத் தடுக்கவில்லை.

அமெரிக்காவும் இதை முன்பே கற்றுக்கொண்டது. 2021 மே 13-ஆம் தேதி, முழுசாக ஊசி போட்டவர்கள் மாஸ்க்கைக் கழற்றலாம் என்றது அவர்களுடைய நோய்க் கட்டுப்பாட்டு மையம். ஜூலையில் மாசசூசெட்ஸில் ஒரு கடற்கரை ஊரில் 469 பேருக்கு வந்த தொற்றில் 74 சதவீதம் பேர் முழுசாக ஊசி போட்டவர்கள். இறப்பு இல்லை. ஜூலை 27-ஆம் தேதி, பரவல் அதிகமான இடங்களில் ஊசி போட்டவர்களும் மாஸ்க் போடுங்கள் என்று மாற்றிச் சொன்னார்கள்.

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்

வண்டி வாங்கியவர்களுக்குத் தெரியும். நம் வண்டியின் சேதத்துக்கு என்று எடுக்கும் இன்சூரன்ஸ் நம் விருப்பம். ஆனால் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். ஏன்? நம்மால் அடிபடப் போகிறவர் நம் பாலிசியில் கையெழுத்துப் போடவில்லை. அவருக்கு வேறு வழி இல்லை, அதனால் சட்டம் குறுக்கே வருகிறது.

தடுப்பூசி முக்கியமாக நம் சொந்த டேமேஜுக்கு. மாஸ்க் முக்கியமாகத் தேர்ட் பார்ட்டிக்கு. ஒன்று எடுத்தால் மற்றது வேண்டாம் என்பது ஆர்.டி.ஓ.விடமும் செல்லாது :-)

மாஸ்க் பெரிய மந்திரம் என்றும் நான் சொல்ல வரவில்லை. வங்காளதேசத்தில் 600 கிராமங்களில், 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மாஸ்க்கை ஊக்குவித்த கிராமங்களில் அறிகுறியுள்ள தொற்று சுமார் 9 சதவீதம் குறைந்தது. சர்ஜிகல் மாஸ்க் கொடுத்த ஊர்களில் 11 சதவீதம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் கூடுதல் பலன். சின்ன எண்தான். ஆனால் வட்டிக் கணக்குத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சின்னச் சதவீதம் தொடர்ந்து பெருகினால் எவ்வளவாகும் என்று.

இன்றைக்கு

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி அவசரநிலையை முடித்துவிட்டது. அந்தமானில் கொரோனாவுக்கு 129 பேரைக் கொடுத்தோம். இப்போது யாரும் தினமும் மாஸ்க் போட வேண்டிய தேவை இல்லை, நானும் போடுவதில்லை. ஆனால் சில நேரங்கள் இருக்கின்றன.

சளி, இருமலோடு விமானம் ஏறி ஊருக்குப் போகிறோம். வீட்டில் எண்பது வயது அப்பா, சர்க்கரை உள்ள மாமியார், பிறந்து ஒரு மாதம் ஆன பேரக்குழந்தை. வருடத்துக்கு ஒரு முறை போகிற நாம் கொண்டுபோகும் பார்சலில் இது வேண்டாமே. ஒரு வாரம் மாஸ்க் போட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அந்தமானைச் சுற்றிப் பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜிர்காடாங்கிலிருந்து வண்டிகள் வரிசையாகப் போகும் சாலை ஜாரவா மக்களின் காட்டு வழியாகப் போகிறது. 2011 கணக்கில் அவர்கள் 380 பேர். 1999-இலும் 2006-இலும் அவர்களுக்கும் தட்டம்மை வந்திருக்கிறது. அந்தச் சாலையை மூட 2002-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டும் போக்குவரத்து தொடர்கிறது. அங்கே கண்ணாடியை இறக்காதீர்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள், போட்டோவுக்காக வண்டியை மெதுவாக்காதீர்கள். நமக்குச் சாதாரண ஜலதோஷம் அவர்களுக்கு என்னவாகும் என்பதை 1901-க்கும் 1961-க்கும் நடுவில் இருக்கும் எண்கள் சொல்லிவிட்டன.

பி.கு: போர்ட் பிளேயர் என்றே எழுதியிருக்கிறேன். 2024 செப்டம்பரில் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. ராஸ் தீவும் 2018-லிருந்து நேதாஜி பெயரில்தான் இருக்கிறது. பழைய கணக்கைப் பழைய பெயரில் எழுதுவதுதானே வழக்கம்!