எந்தக் கோணம் சின்னது? ஒரே பார்வையில கண்டுபிடிக்க கண்ணைப் பழக்கலாம் வாங்க!

கடிகாரத்தில் மணி 10:10, 4:00, 8:20. இந்த மூணு நேரத்துல, ரெண்டு முள்ளுக்கும் நடுவுல இருக்கிற கோணம் எப்போ சின்னது, எப்போ பெரிசு? பேப்பர், பேனா எடுக்காம, மனசுக்குள்ளேயே முள்ளை வச்சுப் பார்த்து ஒரு பதில் முடிவு பண்ணிக்கோங்க. விடை கொஞ்சம் கீழே இருக்கு.

இந்த மாதிரி கேள்வி நிஜமாவே நுழைவுத்தேர்வுல வருது. அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரியில் சேர எழுதும் 'டாட்' தேர்வில் நாலு கோணங்களை வரைஞ்சு கொடுத்து, சின்னதுல இருந்து பெரிசு வரை வரிசைப்படுத்தச் சொல்வாங்க. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்கும் அந்தப் பகுதியில் மொத்தம் 90 கேள்வி, 60 நிமிஷம். அதுல 15 கேள்வி கோணத்துக்கு மட்டும். கணக்குப் போட்டா ஒரு கேள்விக்கு 40 விநாடி. ஸ்கேலும் கிடையாது, பாகைமானியும் கிடையாது.

நமக்கு எதுக்கு இது?

நம்ம ஊர்ல பல் மருத்துவத்துக்கு நீட் போதும், அதுல கோணம் வராது. ஆனா பி.ஆர்க் படிக்க நாட்டா, டிசைன் படிக்க யூசீட் எழுதுறவங்களுக்கு இதே கண் வேணும். கேள்வியோட வடிவம் வேறயா இருக்கும். உருவத்தைத் திருப்பிப் பார்க்கிறது, சரியான பக்கத் தோற்றத்தைக் கண்டுபிடிக்கிறது, அளவு பிசகாம வரையறதுன்னு எல்லாத்துக்கும் அடிப்படை, ரெண்டு கோடு எவ்வளவு விரிஞ்சிருக்குன்னு கண்ணு சரியாச் சொல்றதுதான். தமிழ்நாட்டு பி.ஆர்க் கவுன்சலிங்கில் ப்ளஸ் டூ மார்க்கோட நாட்டா மார்க்கும் சேர்ந்துதான் ரேங்க் வரும். அங்கே ஒவ்வொரு மார்க்கும் முக்கியம்.

"எனக்கு அந்த டேலன்ட் இல்லை"ன்னு ஒதுங்கிடாதீங்க. பயிற்சியால் வளரக்கூடிய திறமை இது. ஒரே ஒரு நிபந்தனை: முதல்ல ஊகிக்கணும், உடனே அளந்து பார்க்கணும். அளக்காம நூறு கோணம் பார்த்தாலும், எங்கே தப்பு பண்றோம்னு கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

கண் எங்கே ஏமாறுது?

* கோட்டோட நீளம்: கோடு நீளமா இருந்தா கோணமும் பெரிசுன்னு தோணும். கோணம்ங்கிறது விரிப்பு மட்டும்தான். அதனால கோடுகளோட நுனியைப் பார்க்காம, ரெண்டும் சேரும் முனையை மட்டும் பாருங்க.
* சாய்வு: நேரா நிக்கிற, படுத்திருக்கிற கோடுகளை நம்ம கண் துல்லியமா எடை போடும். சாய்ஞ்ச கோடுன்னா தடுமாறும். ஒரு கோணம் திரும்பி இருந்தா, அதோட ஒரு கோடு தரையில் படுத்திருக்கிற மாதிரி மனசுக்குள்ள சுத்தி வச்சுப் பாருங்க.
* விரிகோணம்: 120-க்கும் 125-க்கும் வித்தியாசம் பிடிபடாது. அப்போ விரிஞ்ச பக்கத்தை விட்டுடுங்க. ஒரு கோட்டை நேரா நீட்டினதா நினைச்சு, மிச்சம் இருக்கிற பக்கத்தைப் பாருங்க. 60-ஐயும் 55-ஐயும் ஒப்பிடறது சுலபம்.

தேர்வு அறையில் என்ன செய்யணும்?

நாலையும் ஒரே நேரத்தில் வரிசைப்படுத்தப் பார்க்காதீங்க. நாலு கோணத்தை 24 விதமா அடுக்கலாம். ஆனா உங்க முன்னாடி இருக்கிறது நாலு விடை மட்டும்தான். முதல்ல சின்னது எதுன்னு முடிவு பண்ணுங்க. அதுல ஆரம்பிக்காத விடைகளை அடிச்சிடுங்க. அடுத்து பெரிசு எதுன்னு பார்த்து, அதுல முடியாத விடைகளை அடிங்க. பெரும்பாலும் நடுவில் இருக்கிற ரெண்டை மட்டும் ஒப்பிட்டா போதும். அதுவும் குழப்பினா முதல் பார்வையில் தோணினதை டிக் பண்ணிட்டு நகருங்க. முறைச்சுப் பார்க்கப் பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரியேதான் தெரியும்.

கோச்சிங் ஃபீஸ் இல்லாத பயிற்சி

கடிகாரம்: மணி முள்ளும் நிமிஷ முள்ளும் வேற வேற நீளம். அதனாலேயே இது நல்ல பயிற்சி. ஒவ்வொரு மணி இடைவெளியும் 30 டிகிரி, ஒவ்வொரு நிமிஷமும் 6 டிகிரி. மணி முள் நிமிஷத்துக்கு அரை டிகிரி நகரும்ங்கிறதை மறக்காதீங்க. அதனாலதான் மூன்றரை மணிக்கு 90 வராது, 75 வரும். இப்போ முதல் கேள்விக்கு விடை: 10:10-க்கு 115, 4:00-க்கு 120, 8:20-க்கு 130. சரியா சொன்னீங்களா?

காகிதம்: ஏ4 தாளின் மூலை 90. மடிச்சா 45. இன்னொரு தடவை மடிச்சா 22.5. இந்த மூணும் மனசுல பதிஞ்சுட்டா, புதுசா எந்தக் கோணம் வந்தாலும் ஒப்பிட ஒரு அளவுகோல் ரெடி.

போன்: சாய்வைக் காட்டும் லெவல் ஆப் ஒண்ணு போதும். முதல்ல மனசுக்குள்ள ஒரு எண், அப்புறம் போனை சரிவு மேல வச்சுப் பாருங்க. 12 அடிக்கு 1 அடி ஏறும் சக்கர நாற்காலிச் சரிவு 5 டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. 15 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம் உள்ள மாடிப்படியோட சரிவு சுமார் 27 டிகிரி.

உங்க தெரு: குயிலாப்பாளையம் பசங்களுக்கு இதுல ஒரு அட்வான்டேஜ் இருக்கு. பக்கத்திலேயே ஆரோவில். ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் வெளியூர்ல இருந்து வந்து பார்க்கிற கட்டடங்கள் உங்களுக்கு சைக்கிள் தூரம். கீற்றுக் கூரையில மழைத்தண்ணி நிக்காம ஓடணும், அதனால சரிவு அதிகம். ஓட்டுக் கூரை அதைவிடத் தாழ்வு. சோலார் பேனல் இன்னும் படுத்திருக்கும். அந்த இடம் எந்த அட்சரேகையில் இருக்கோ, ஏறக்குறைய அந்த அளவுக்குத்தான் பேனலைச் சாய்ப்பாங்க. இங்கே அது சுமார் 12 டிகிரி. மூணையும் போட்டோ எடுத்து, ஊகிச்சு, போட்டோ மேலேயே பாகைமானி வச்சு அளங்க. கூரையோட முகப்புக்கு நேரா நின்னு எடுத்தாத்தான் அளவு சரியா வரும். பக்கவாட்டில் நின்னு எடுத்தா கோணம் மாறிடும்.

ஒரு நோட்டு போடுங்க

தினமும் 10 கோணம். ஊகிச்சது, அளந்தது, வித்தியாசம்னு மூணு கட்டம். ஒரே திசையில் இருக்கிற கோணங்களையே பழகினா கண் அந்தத் திசைக்கு மட்டும்தான் பழகும். அதனால தாளைத் திருப்பித் திருப்பி வரைங்க. ஒரு வாரம் ஆனதும் நோட்டைப் புரட்டுங்க. நீங்க எப்பவும் கூடச் சொல்றீங்களா, குறைச்சுச் சொல்றீங்களான்னு தெரிஞ்சிடும். அது தெரிஞ்சா, அடுத்த வாரம் எதைத் திருத்தணும்னு நோட்டே சொல்லிடும்.