ஒரு கைவினைஞனுக்காக ஒரு ஜெபம்



அயர்லாந்து தேசத்தின் நடுப்பகுதியில், ஷானன் நதியின் கிழக்குக் கரையிலே, குளோன்மக்நாய்ஸ் என்னும் பழைய துறவியர் மடம் இடிந்து கிடக்கிறது. ஆறாம் நூற்றாண்டின் நடுவில் கியரான் என்னும் தேவமனிதர் அதை நிறுவி, சிறிது காலத்திற்குள் இளவயதிலேயே மரித்தார். மடமோ வளர்ந்து, பல நூற்றாண்டுகள் கல்விக்கும் கலைக்கும் பேர்பெற்று விளங்கியது. 1552-ஆம் ஆண்டில் அத்லோன் கோட்டையின் ஆங்கிலப் படையினர் அதைச் சூறையாடி, மணிகளையும் சன்னல் கண்ணாடிகளையும்கூட விட்டுவைக்கவில்லை.

எஞ்சியவற்றுள் கல்லறைப் பலகைகள் முக்கியமானவை. பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரையிலான, முழுமையும் துண்டுமாக 600-க்கும் மேற்பட்ட கற்கள் அங்கே உள்ளன. இவை நிமிர்த்தி நடப்பட்டவை அல்ல, கல்லறையின்மேல் கிடத்தப்பட்டவை. நடுவில் ஒரு சிலுவை. பலவற்றில் அதனருகே ஒரு பெயர். பெயருக்கு முன் பழைய ஐரிஷ் மொழியில் இரண்டு சிறு சொற்கள். "இன்னாருக்காக ஒரு ஜெபம்" என்பதே அவற்றின் பொருள். புகழுரை இல்லை, பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் இல்லை.

அவற்றுள் ஒரு கல் என் சிந்தையை விட்டு அகலவில்லை. "தூவஹல் என்னும் கைவினைஞனுக்காக ஒரு ஜெபம்" என்கிறது அது. அதிலுள்ள 'ஸாயர்' என்ற சொல் மரத்திலும் கல்லிலும் வேலை செய்பவனைக் குறிக்கும். அயர்லாந்தின் பேரரசர் ரோரி ஓ'கானர் 1198-இல் அடக்கம் பண்ணப்பட்டதும் இதே வளாகத்தில்தான். அரசன் கிடக்கும் மண்ணிலே தொழிலாளியும் தன் தொழிலின் பெயரோடு கிடக்கிறான்.

இதில் வியப்பென்ன? மடத்தை நிறுவிய கியரானையே ஐரிஷ் மக்கள் 'ஸாயரின் மகன்' என்றுதான் அழைத்தனர். நம் ஆண்டவரையும் நாசரேத்தூரார் தச்சன் என்றே சொல்லி இடறலடைந்தார்கள் (மாற்கு 6:3). அங்குள்ள கிரேக்கச் சொல்லும் கட்டுமானத் தொழிலாளியைச் சுட்டும் சொல்லே. உளி பிடித்த கையை இகழ்ந்தவர்கள், அந்தக் கை தங்கள் இரட்சகருடையது என்று அறியவில்லை.

சீர்திருத்தச் சபையினராகிய நாம் மரித்தோருக்காக ஜெபிப்பதில்லை. அவர்கள் கர்த்தருடைய கரத்தில் இருக்கிறார்கள் என்பதே நமது நிச்சயம். ஆகவே தூவஹலின் விண்ணப்பத்தை அவன் கேட்டபடியே நம்மால் நிறைவேற்ற இயலாது. ஆனாலும் அந்தக் கல் என்னைக் கடிந்துகொள்கிறது. அடக்க ஆராதனையில் ஒருவருடைய பட்டங்களையும் பதவிகளையும் நீண்ட நேரம் வாசிக்கிறோம். அவர் உயிரோடிருந்தபோது அவருக்காக எத்தனை முறை முழங்காற்படியிட்டோம்? அப்போஸ்தலனாகிய பவுலே தமக்காக ஜெபிக்கும்படி சபையாரைக் கேட்டுக்கொண்டார் (1 தெசலோனிக்கேயர் 5:25). ஜெபம் வேண்டாதவர் நம்மில் எவருமில்லை.

ஆலயத்தின் சுவரைக் கட்டிய கொத்தனார், நீங்கள் அமரும் இருக்கையைச் செய்த ஆசாரி, ஞாயிறுதோறும் தரையைப் பெருக்கும் சகோதரி: இவர்களுடைய பெயர்கள் உங்களுக்குத் தெரியுமா? இந்த வாரம் ஒரு பெயரையாவது கேட்டறிந்து, தேவசமுகத்தில் அதைச் சொல்லுங்கள். கல்லில் பொறிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டாம்.

கர்த்தர் தாமே உங்கள் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.