இறங்கிய கதவை ஏற்றிய கைகள்: கொங்கு வட்டாரத்தில் டிங்கரிங் தொழில்

கார்க் கதவு கீலில் ஓர் இம்மி இறங்கினாலே போதும், காற்று உள்ளே வர வழி கிடைத்துவிடும். காற்றைத் தொடர்ந்து தூசியும் மழைநீரும் வரும். இறங்கிய கதவை ஏற்றி, வண்டியின் உடலோடு பொருந்த வைப்பது டிங்கரிங் எனப்படும் வாகன உடல் பழுதுபார்ப்பு வேலையில் நுட்பமான பகுதி. இன்றைய திருப்பூர் மாவட்டமும் அதைச் சுற்றியுள்ள கொங்குப் பகுதியும் இந்த வேலையைக் காரிலிருந்து கற்கவில்லை, பேருந்திலிருந்து கற்றன.

1920-ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பேருந்தை ஓட்டினார். இடையில் இருக்கும் உடுமலைப்பேட்டை இன்று திருப்பூர் மாவட்டத்து ஊர். 1931-ல் பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டைத் தொடங்கினார். அக்காலத்தில் சேசிஸும் எஞ்சினும்தான் கப்பலில் வந்தன. உடலை இங்கேயே கட்டினார்கள். மரச் சட்டம், அதன்மேல் தகரம், பக்கவாட்டில் சுருட்டிவிடும் கான்வாஸ் திரை. அப்படிப்பட்ட வண்டியில் காற்று வருவதை யாரும் குறையாகக் கருதவில்லை.

கதவு வைத்துக் கட்டத் தொடங்கிய பிறகுதான் சிக்கல் பிறந்தது. மரச் சட்டம் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். மேடுபள்ளச் சாலையில் குலுங்கிக் குலுங்கி மூட்டு தளரும். கதவு தன் எடையிலேயே பூட்டுப் பக்கம் சாயும். இதற்குத் தச்சர் வீட்டுக் கதவுக்குச் செய்த வைத்தியத்தையே செய்தார்: கீலுக்கு அடியில் மெல்லிய சில்லு வைத்துத் தூக்குவார், உரசும் விளிம்பை இழைப்புளியால் சீவுவார். மாட்டுவண்டி நிறைந்த வட்டாரத்தில் இந்தக் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. பேருந்துக்கு உடல் கட்டும் தொழில் பின்னர் கரூரில் பெரிதாக வேரூன்றியது.

மரத்தை விட்டு முழுவதும் எஃகுத் தகட்டால் ஆன உடலை அமெரிக்காவில் எட்வர்ட் பட் 1914-லேயே டாட்ஜ் கார்களுக்குச் செய்து கொடுத்தார். இங்கே அந்த மாற்றத்தை ஊர்தோறும் கொண்டுவந்தவை அம்பாசிடரும் ஃபியட்டும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றிய அம்பாசிடர் 1950-களின் இறுதியில் வந்தது. அதில் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். இது கதவுக்காரருக்குப் பெரிய செய்தி. மரச் சட்டத்தில் கதவு தளர்ந்தால் மரத்தைச் சீவலாம். எஃகு உடலில் கதவு பொருந்தவில்லையென்றால், கோளாறு கதவில் இருக்கலாம், கீலில் இருக்கலாம், துருவேறி இறங்கிய அடிப்பட்டையிலோ விபத்தில் நெளிந்த தூணிலோகூட இருக்கலாம். இழைப்புளி போய், சுத்தியலும், தகட்டின் பின்னால் முட்டுக்கொடுக்கும் டாலியும், கேஸ் வெல்டிங்கும் வந்தன.

அம்பாசிடரின் கனத்த கதவு கீல் ஊசியைத் தின்றுவிடும். டிங்கர் கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கம் அடியில் கைகொடுத்து மெல்லத் தூக்குவார். கீலில் ‘டொக்’ என்ற ஆட்டம் இருந்தால் ஊசியும் புஷ்ஷும் தேய்ந்தவை; அவற்றை மாற்றாமல் வேறெதைச் செய்தாலும் வீண். ஆட்டம் இல்லையென்றால் கதவைச் சாத்திச் சுற்றிலும் உள்ள இடைவெளியைப் பார்ப்பார். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் கதவு சாய்ந்திருக்கிறது. கீல் போல்ட்டைத் தளர்த்தி ஏற்ற வேண்டும். இடைவெளி சமமாக இருந்தும் கதவு உடலைவிடப் புடைத்து நின்றால், தூணில் பூட்டு மாட்டும் ஸ்ட்ரைக்கரைச் சிறிது உள்ளே நகர்த்தினால் போதும். கடைசியாக ஒரு துண்டுக் காகிதம். அதைக் கதவு விளிம்பை அடைக்கும் ரப்பர் பீடிங்கின்மேல் வைத்துக் கதவைச் சாத்தி இழுப்பார். தடையில்லாமல் உருவி வரும் இடம்தான் காற்று நுழையும் இடம். இவ்வளவுக்கும் கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. கண்ணும் விரலும் பழகியிருக்க வேண்டும்.

1950-களின் ஃபியட் 1100 காரில் ஆபத்து வேறு விதம். அதன் முன்கதவுக்குக் கீல் பின்பக்கத் தூணில் இருந்தது. ஓட்டத்தில் பூட்டு விட்டால் எதிர்க்காற்று கதவை முழுவதுமாகத் திறந்துவிடும். அந்த வண்டியில் ஸ்ட்ரைக்கரைச் சரிசெய்வது உயிர் சம்பந்தப்பட்ட வேலை.

திருப்பூரின் பனியன் ஏற்றுமதி 1970-களின் இறுதியில் இத்தாலிய வணிகர் வழியே தொடங்கியது. பனியன் தொழில் பெருகப் பெருகக் கார்களும் பெருகின. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் பின்னர் ஏ.சி. கார்கள் பரவியபோது, காற்றுக் கசிவு வெறும் இரைச்சலாக இல்லாமல் செலவாகவும் மாறியது. நூல் பஞ்சும் சாலைத் தூசியும் பீடிங்கில் படிந்தால் ரப்பர் பிடிப்பை இழக்கும்; வெயில் அதை இறுகச் செய்து வெடிக்க வைக்கும்.

பழைய 47, இன்றைய 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அவிநாசி வழியே அகலப்படுத்தப்பட்டபின் வேகம் கூடியது. வேகமாகச் செல்லும் காரின் பக்கவாட்டில் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் கதவின் மேற்சட்டம் வெளிநோக்கி இழுக்கப்படுகிறது. நின்ற வண்டியில் நன்றாக ஒட்டிய பீடிங் ஓட்டத்தில் விலகி விசில் அடிக்கும். பட்டறையில் கோளாறு தெரியாமல் நெடுஞ்சாலையில் மட்டும் சத்தம் கேட்பதற்குக் காரணம் இதுவே. பழைய அம்பாசிடரிலும் ஃபியட் வழிவந்த பத்மினியிலும் முன்கதவில் இருந்த முக்கோணக் கண்ணாடியும் இப்படியே ஓசை எழுப்பும்; அதைக் கதவின் குற்றம் என்று எண்ணிக் கீலைக் கழற்றினால் நல்ல கதவும் கெடும்.

இந்தத் தொழிலில் மிகப் பரவலான தவறு, கதவை ஏற்றாமல் தடித்த பீடிங்கை ஒட்டி இடைவெளியை அடைப்பது. முதல் வாரம் சத்தம் அடங்கும். பிறகு கதவை ஓங்கி அடித்துச் சாத்த வேண்டிவரும். அந்த அடியில் பூட்டும் கீலும் இன்னும் வேகமாகத் தேயும். கீல், உடல், ஸ்ட்ரைக்கர், ரப்பர் என்ற வரிசையை மாற்றினால் வேலை நிற்காது.

இன்று விபத்தில் நசுங்கிய கதவைத் தட்டி எடுப்பதைவிடப் புதுக் கதவு மாட்டுவதே பல இடங்களில் வழக்கம். புதுக் கதவையும் யாராவது பொருத்தித்தான் ஆக வேண்டும். ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் வாகன உடல் பழுதுபார்ப்பு தனிப் பிரிவாகவே இருக்கிறது. ஆனாலும் இந்த வட்டாரத்தில் டிங்கர்கள் பெரும்பாலும் பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்தே வேலை கற்றவர்கள். கதவில் காற்று வருகிறதென்று வண்டியை விடுபவர், பீடிங் விலை கேட்கும் முன் கீலில் ஆட்டம் பார்த்தாயிற்றா என்று கேட்க வேண்டும்.