மாதரும் இராஜ்ய பாரமும்

பெண்ணரசு நாட்டிற்கு ஆகாது என்பார் ஒரு சாரார். பெண் ஆளுவாளாயின் நாடே தாய்மடியாகிவிடும் என்பார் மற்றொரு சாரார். நமது சங்கக் கூட்டங்களில் மாதருக்கு நிர்வாக சபையில் இடமளிப்பது பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இவ்விரண்டு குரல்களும் தவறாது ஒலிக்கின்றன. இரண்டும் ஆராயாது கூறப்படும் கூற்றுக்களே என்பது நமது துணிபு. இவற்றை வாதத்தினால் தீர்ப்பதினும், சரித்திரம் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே சாலச் சிறந்தது. அதற்கு நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. உலகிலேயே முதன்முதலாக ஒரு ஸ்திரீ பிரதம மந்திரியானது இராமேசுவரத்திற்கு அக்கரையில், இலங்கைத் தீவில், 1960-ம் வருஷம் ஜூலை மாதம் 21-ந் தேதியன்று. அவ்வம்மையாரே ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா.

இலங்கையில் இது நிகழ்ந்தது தற்செயலன்று. ஆண், பெண் இருபாலார்க்கும் சொத்து, கல்வி என்ற நிபந்தனையின்றி வாக்குரிமை 1931-ம் வருஷத்திலேயே அங்கு வழங்கப்பட்டது. அவ்வருஷமே அடலின் மொலமூரே என்னும் மாது அரசாங்க சபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். மறு வருஷம் கொழும்பு வடக்குத் தொகுதியில் நேசம் சரவணமுத்து அம்மையார் வெற்றி பெற்றார். ஆகவே, பிரதம மந்திரி பதவிக்கு ஒரு மாது வருவதற்கு ஏறத்தாழ முப்பது வருஷங்களுக்கு முன்னரே, வாக்குச் சாவடிக்குப் பெண்கள் செல்லும் பாதை அந்நாட்டில் செப்பனிடப்பட்டிருந்தது.

சிறிமாவோ அம்மையார் 1916-ம் வருஷம் கண்டிச் சிங்களப் பிரபுக்களாகிய ரத்வத்தை குடும்பத்திற் பிறந்தார். கொழும்பில் கிறிஸ்தவக் கன்னியர் மடத்துப் பாடசாலையிற் பயின்றும் பௌத்த மதப் பற்றில் வழுவாதிருந்தார். 1940-ல் ஸாலமன் பண்டாரநாயக்காவை மணந்து, மூன்று மக்களுக்குத் தாயானார். கிராமப் பெண்களுக்காக உழைத்த இலங்கை மகிளா சமிதியில் பல வருஷங்கள் தொண்டாற்றினார். கணவர் 1956-ல் பிரதம மந்திரியானபோதும் அம்மையார் மேடையேறி அரசியல் பேசியவர் அல்லர். 1959-ம் வருஷம் செப்டம்பர் மாதம் அக்கணவர், ஒரு பௌத்த பிக்ஷுவின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்.

1960 மார்ச்சில் நடந்த தேர்தலில் அவரது ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 46 ஸ்தானங்களே பெற்றது. தலைவரை இழந்து தத்தளித்த கட்சியார் அம்மையாரை முன்னிறுத்தினர். கணவரின் பேச்சுக்கள் பதிவு செய்யப்பட்ட ஒலிநாடாக்களைக் கூட்டந்தோறும் ஒலிக்கச் செய்து, அம்மையார் ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டார். எதிர்க்கட்சியார் ‘அழும் விதவை’ என்று எள்ளினர். ஜூலைத் தேர்தலில் அக்கட்சி 151 ஸ்தானங்களில் 75-ஐக் கைப்பற்றியது. தாம் எத்தொகுதியிலும் போட்டியிடாத அம்மையார், செனட் என்னும் மேற்சபையின் வாயிலாகப் பிரதம மந்திரியானார்.

ஈண்டு நேயர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். கட்சியார் தேடியது ஒரு ஸ்திரீயின் அறிவையன்று. மாண்ட தலைவரின் பெயரையே தேடினர். ஆசியாவிற் பின்னர் ஆட்சிக்கு வந்த மாதர் பலரும் இத்தகைய வாயிலின் வழியாகவே புகுந்தனர். இந்தியாவில் இந்திரா காந்தி, பாகிஸ்தானத்தில் பெனாசிர் பூட்டோ, வங்காள தேசத்தில் ஷேக் ஹஸீனா ஆகியோருக்குத் தந்தையின் பெயர் திறவுகோலாயிற்று. பிலிப்பைன் தீவுகளில் கொரசோன் அக்கீனோவுக்கும், வங்காள தேசத்தில் காலிதா ஸியாவுக்கும் கொலையுண்ட கணவரின் பெயர் துணையாயிற்று. வாயில் எதுவாயினும் ஆகுக. புகுந்த பின் செய்த செயலே மதிப்புக்கு உரைகல்.

அவ்வாறு நோக்குங்கால், அம்மையாரைப் பொம்மை என்று எண்ணியோர் விரைவில் தம் கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அரசாங்க உதவி பெற்ற பாடசாலைகளை அவர் அரசாங்கமே ஏற்றது. அந்நியப் பெட்ரோல் கம்பெனிகளின் சொத்தைக் கைப்பற்றியதனால் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோதும் அவர் பின்வாங்கினாரில்லை. 1962 ஜனவரியில் போலீஸ், இராணுவ அதிகாரிகள் சிலர் செய்த புரட்சி முயற்சி முளையிலேயே கிள்ளப்பட்டது. அவ்வருஷம் இந்தியாவும் சீனாவும் போரிட்டபோது ஆறு நாடுகளின் மகாநாட்டைக் கொழும்பிற் கூட்டி, தாமே பீக்கிங்கிற்கும் டில்லிக்கும் சென்று சமாதானத்திற்கு முயன்றார். 1976-ல் அணிசேரா நாடுகளின் மகாநாடு கொழும்பில் அவர் தலைமையில் நடந்தது. பெண்ணுக்கு இராஜதந்திரம் வராது என்பார்க்கு இவை தக்க விடையாகும்.

நிற்க. நாணயத்தின் மறுபுறத்தையும் மறைத்தல் சரித்திர தர்மமன்று. சிங்களமே ஆட்சி மொழி என்று கணவர் இயற்றிய சட்டம் 1961 ஜனவரியிலிருந்து முழுமையாக அமுலாக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகஞ் செய்தனர். அவர்களை இராணுவத்தைக் கொண்டு அகற்றி, தமிழ்த் தலைவர்களைத் தடுப்புக் காவலில் வைத்தது அம்மையாரின் அரசாங்கமே. 1972-ம் வருஷத்துக் குடியரசு அரசியலமைப்பு பௌத்தத்திற்கு முதன்மை ஸ்தானம் அளித்ததோடு, பழைய சாசனத்தில் சிறுபான்மையோர்க்கு இருந்த காப்பையும் அகற்றிவிட்டது.

நம்மவர் உள்ளத்தை நேரே தொடும் செய்தி இன்னொன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்தில், நம் தென் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகளின் பின்னே கடல் கடந்து சென்ற ஏழைத் தமிழர், இலங்கை மலைநாட்டிற் காப்பியும் தேயிலையும் பயிராக்கி, லயங்களில் வாழ்ந்து, அம்மண்ணிலேயே மடிந்தனர். அவர்களுடைய சந்ததியாரிற் பெரும்பாலோர் 1948-ம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். இச்சட்டம் அம்மையார் காலத்துக்கு முந்தியது என்பதை நியாயத்தின் பொருட்டுக் குறிக்கின்றோம். 1964 அக்டோபர் 30-ந் தேதி டில்லியில் அம்மையாரும் நம் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தஞ் செய்தனர். அதன்படி 9,75,000 பேர் என மதிக்கப்பட்ட அம்மக்களில் 5,25,000 பேர் இந்தியாவிற்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர்த் தீர்மானிக்கப்படும் எனத் தள்ளிவைக்கப்பட்டது. 1974-ம் வருஷம் சிறிமாவோ அம்மையாரும் இந்திரா காந்தி அம்மையாரும் அவர்களையும் ஆளுக்கு 75,000 ஆகப் பங்கிட்டுக்கொண்டனர்.

இரு பெரு நாடுகளின் தலைமையில் இரு மாதர்; இருவரும் தாய்மார்; இருவரும் கணவரை இழந்தவர். அவர்கள் நெல்லைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டனர். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி தன் தாயைப் புதைத்த மண்ணை விட்டுச் செல்ல விரும்புகின்றாளா என்று அவளைக் கேட்டாரில்லை. தோட்டத் தொழிலாளரின் சங்கத் தலைவர்களும் எம்மைக் கேளாது எம் தலைவிதியை எழுதினரே என்று முறையிட்டனர். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி மண்டபம் முகாமில் வந்திறங்கியோர் மூன்று லக்ஷத்திற்கும் அதிகமானோர். அவர்களிற் சிலருக்கு நீலகிரியில் 1968 முதல் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களிற் பிழைப்புக் கிடைத்தது. பலர் ஊர் ஊராக அலைந்தனர். தாயகம் திரும்பியோர் என்று அவர்களை அழைத்தோம். அவர்களிற் பலர் அத்தாயகத்தை அதற்குமுன் கண்டதேயில்லை. இலங்கையிலே நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்கு 2003-ம் வருஷத்துச் சட்டத்தினாலேயே முழு விமோசனம் வந்தது.

அம்மையாரின் இரண்டாம் ஆட்சி 1970 முதல் 1977 வரை நடந்தது. 1971 ஏப்ரலிற் சிங்கள இளைஞர் செய்த ஆயுதக் கலகம் பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்டு அடக்கப்பட்டது. 1972-ல் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்தல் கூடாதென்ற சட்டம் வந்தது. அம்மையார் பிறந்த பிரபு வகுப்பாரின் நிலமும் அதற்குத் தப்பவில்லை. ஆயினும் அரிசிக்கும் ரொட்டிக்கும் ஜனங்கள் வரிசையில் நிற்க நேர்ந்தது. 1974-ல் தோட்டப் பகுதிகளிற் பட்டினிச் சாவுகள் பெருகின. பார்லிமெண்டின் ஆயுளும் இரண்டு வருஷம் நீட்டப்பட்டது. இவற்றுக்கெல்லாம் 1977 தேர்தலில் ஜனங்கள் தீர்ப்பளித்தனர்: ஆளுங்கட்சிக்கு எட்டே ஸ்தானங்கள். 1980-ல் எதிரிகள் அவருடைய குடியுரிமைகளை ஏழு வருஷ காலத்திற்குப் பறித்தனர். 1986-ல் அவை மீண்டன. அம்மையார் கட்சியைக் கைவிடவில்லை. 1994-ல் மகள் சந்திரிகா குமாரதுங்கா ஜனாதிபதியாக, தாய் மூன்றாம் முறை பிரதம மந்திரியானார். 2000 அக்டோபர் 10-ந் தேதி, பொதுத் தேர்தலில் வாக்களித்துத் திரும்புகையில் உயிர் நீத்தார். வாக்கினால் எழுந்தார், வாக்கினால் வீழ்ந்தார், வாக்களித்தே மறைந்தார்.

இவ்வளவும் நமக்குக் கற்பிப்பது யாது? பெண் ஆளத் தகாதவள் என்ற கூற்றுப் பொய்த்தது. பெண் ஆண்டால் இரக்கமே ஆளும் என்ற கூற்றும் பொய்த்தது. துணிவும், பிழையும், பிடிவாதமும், கொடுமையும் ஆண்பாலுக்கோ பெண்பாலுக்கோ தனிச் சொத்தல்ல. ஆதலின் மாதருக்கு இடந்தர வேண்டுவது அவர்கள் தேவதைகள் என்பதற்காகவன்று. தம்மைப் பற்றிய முடிவில் தமக்கும் ஒரு சொல் உண்டு என்னும் நியாயத்திற்காகவே இடந்தர வேண்டும். அந்நியாயம் கொழுந்து பறித்தவளுக்கு மறுக்கப்பட்டபோது நம் மனம் கொதித்ததன்றோ? அதே நியாயத்தை நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் மறுக்கலாமா?

மற்றொன்றும் உண்டு. ஒரு மாது சிகரத்தில் அமர்ந்ததனால் மாதர் குலம் முழுதும் மேலேறிவிடாது. முதல் பெண் பிரதம மந்திரியை உலகிற்குத் தந்த இலங்கையில், 2024 நவம்பர்த் தேர்தலில் 225 பேர் கொண்ட பார்லிமெண்டிற்கு வந்த பெண்கள் இருபதுக்குச் சற்றே அதிகம். எனினும் அவ்வருஷம் செப்டம்பரில் பிரதம மந்திரியான ஹரிணி அமரசூரிய அம்மையார் ஆளுங் குடும்பம் எதிலும் பிறந்தவரல்லர். சர்வகலாசாலையில் ஆசிரியையாக இருந்தவர். தந்தை பெயரும் கணவர் பெயரும் இன்றித் திறக்கும் வாயிலும் உண்டு என்பதற்கு இது சான்று.

நமது சங்கத்தில் கைம்பெண்களுக்கு உதவித்தொகை எவ்வளவு என்பதையும், பெண்பிள்ளைகளின் விடுதி எவ்விடம் அமைதல் நன்று என்பதையும் ஆடவர் மட்டுமே கூடி முடிவு செய்து வருகின்றோம். காலஞ்சென்ற தலைவரின் மனைவியாரை மாலையிட்டு மேடையிலமர்த்துகின்றோம்; தீர்மானம் எழுதும் மேசைக்கு அழைப்பதில்லை. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் நிர்வாக சபைக்கு மாதரை அவரவர் தகுதி நோக்கித் தெரிந்தெடுக்குமாறும், பெண்களைப் பற்றிய எந்தத் தீர்மானமும் அவர்களைக் கேளாது நிறைவேறாதிருக்க விதி செய்யுமாறும் மகாஜனங்களை வேண்டுகின்றோம். வரும் மாதர் தவறிழைப்பின் ஆடவரைக் கேட்பதுபோலவே அவர்களையும் கேட்போம். அதுவே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.