வாயிலும் கைபேசியும்

தலைவன் தலைவியரிடையே ஊடல் நேர்ந்தவிடத்து அதனைத் தீர்த்து வைப்போரை வாயில்கள் என வழங்கினர் நம் முன்னோர். தோழி, தாய், பாணன், விருந்தினர் முதலாகப் பன்னிருவரைத் தொல்காப்பியக் கற்பியல் வாயில்களாக எண்ணுகின்றது. இருவர் உறவு நிலைபெற மூன்றாமவர் ஒருவரும் வேண்டப்பட்டனர் என்பது இதனாற் பெறப்படும். செய்தி செல்லும் நெறி மாறுந்தோறும் இம்மூன்றாமவர் நிலை யாதாயிற்று என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்தியாவில் அஞ்சலட்டை 1879-இல் வழக்கிற்கு வந்தது. எழுத்தறியாதார் மிக்கிருந்த ஊர்களில் மடல் எழுதித் தருவோரும் படித்துச் சொல்வோரும் பிறரே ஆயினர். தந்திச் சேவகர் வாயிற்படியில் நின்றபோதே அண்டை வீட்டார் கூடினர். துயரச் செய்தியைத் தனியே தாங்கும் நிலை அருகியே நேர்ந்தது. ஆகவே, பழைய வாயில் மறைந்திலது. உருமாறி நின்றது எனலாம்.

1882-இல் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் தோன்றின. அவற்றில் இணைப்பு ஊழியரே இருமுனைகளையும் சேர்த்து வைத்தனர். 1960-இல் இலக்னோ, கான்பூர் நகரங்களிடையே நேரடித் தொலைவழைப்பு ஏற்பட்டது; அவ்வழியில் ஊழியர் துணை வேண்டாதாயிற்று. எனினும் கருவி வீட்டிற்கே உரியதாக இருந்தது. தந்தையோ பாட்டியோ எடுத்து நலம் உசாவிய பின்னரே உரியவரை அழைத்தனர். கருவி இல்லாதார் அண்டை வீட்டு எண்ணையே தம் எண்ணாகத் தந்து வைத்தனர்.

இந்தியாவின் முதற் கைபேசி உரையாடல் 1995 சூலை 31-இல் கல்கத்தாவிற்கும் தில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. 2003-இல் வரும் அழைப்புக்குரிய கட்டணம் நீங்கவே, எளியோர் கையிலும் அக்கருவி பரவியது. 2013 சூலையில் தந்திப் பணி முடிவுற்றது. கைபேசி வீட்டிற்குரியதன்று, ஆளுக்குரியது. வாயிலின் வரலாறு இங்குதான் முறிகின்றது.

இம்முறிவை இழப்பென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. இடைநின்றோர் துணைவராயினமை போலவே காவலராகவும் இருந்தனர். வளைகுடா நாட்டில் உழைக்கும் கணவனோடு அண்டை வீட்டுக் கூடத்தில் நின்று பேசிய மனைவி, தன் நெஞ்சிலுள்ளதை எங்ஙனம் உரைத்திருத்தல் கூடும்? அவளுக்குத் தனிமையை அளித்தது கைபேசியே.

ஆயினும், பெற்றதனோடு இழந்ததையும் எண்ணுதல் வேண்டும். 2009-இல் தோன்றிய வாட்சப், 2014 முதல் செய்தி படிக்கப்பட்டமையை நீலக் குறியால் காட்டுகின்றது. படித்தும் மறுமொழி வாராமை ஊடலுக்குப் புதியதொரு காரணமாயிற்று. முன்னாளில் மடல் வாராவிடின், அஞ்சல் தாழ்த்தது என்றோ அவர்க்கு ஓய்வில்லை என்றோ ஆற்றுவிப்பார் அருகிருந்தனர். இன்று அம்மௌனத்திற்குப் பொருள் உரைப்பார் இலர். ஊடலை உண்டாக்கும் கருவி கைக்கு வந்தது. அதனைத் தீர்க்கும் வாயில் அகன்றது. செய்தியின் விரைவு மிக்க அளவிற்கு உறவின் பொறுமை மிகவில்லை என்பது இதுகாறும் கூறியவாற்றான் விளங்கும்.