அவரவர் உடம்புக்கு அவரவர் சோறு



ஆயி மண்டபம், கடற்கரை, டூப்ளே என்று நம்ம ஊர்ச் சரித்திரம் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது நம்ம ஊர்த் தட்டின் கதை. எங்கள் வகுப்பில் நான்கு பேர் அறுபதைத் தொடாமலே மாரடைப்பில் போய்விட்டார்கள், அதனால்தான்.

புதுச்சேரியில் 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி திறந்தார்கள். அந்த வழியில் வந்ததே 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியும், 1964-ல் ஜிப்மரும். இத்தனை பழைய வைத்திய ஊரின் நிலை என்ன தெரியுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாடு முழுவதும் 11.4 சதவீதம், நம்ம மாநிலத்தில் 26.3! தொப்பையில் நமக்கே முதலிடம்; 61.2 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் அடுத்த அடி இதயத்துக்குத்தான்.

வைத்தியர்கள் சும்மா இருந்துவிடவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-ல் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். அந்தக் காலத்தில் மாவுச்சத்தையே கிட்டத்தட்ட ஒதுக்கச் சொல்வார்கள். சோறு தின்று வளர்ந்தவன் எத்தனை நாள் தாங்குவான்? 1970-களில் அவர், நார்ச்சத்து மிகுந்த மாவுச்சத்து உணவால் சர்க்கரையைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டினார். நம்ம ஆளுக்கு நம்ம சாப்பாடு!

அடுத்தது வருமுன் காத்தல். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. சும்மா விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுக்குள் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. ஆளைப் பார்த்துச் சொன்ன உணவு யோசனை, நடை ஆகியவற்றைக் கடைப்பிடித்தவர்களில் 39 சதவீதம்தான். மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய அவ்வளவே.

இன்றைய ஆய்வுகள் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டச் சொல்கின்றன. விஸ்வநாதன் சொன்னதற்கு நேர் எதிர் மாதிரி இருக்கிறதே என்பீர்கள். அவர் சொன்ன மாவுச்சத்து நாரோடு வந்தது. நாம் தின்பது தீட்டித் தீட்டி வெளுத்த அரிசி. வயது, ஆணா பெண்ணா, உடல் உழைப்பு இவற்றுக்கேற்ப அளவும் மாறும்.

ஆகவே அடுத்த வீட்டுக்காரரின் டயட் சீட்டை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80-க்குள் இருக்கணும். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்த்து, உங்கள் டாக்டரிடம் உங்களுக்கான தட்டைக் கேளுங்கள். வெள்ளைச் சோறு ஒரு கரண்டி குறையட்டும். பருப்பும் கீரையும் ஒரு கரண்டி கூடட்டும்.

அடுத்த சந்திப்பிலும் எல்லாரும் இருக்கணும், அவ்வளவுதான்!